ஆசிரியர் மதிப்பீடு (ஐக்கிய அமெரிக்கா)

ஆசிரியர் மதிப்பீடு என்பது பள்ளி ஆசிரியர் ஒருவரின் கற்பித்தல் பணியை வகுப்பறை அவதானிப்பு, மாணவர் தேர்ச்சி, மாணவர் கருத்து முதலிய சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து தரமிடும் செயற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு சடங்காகவே நடைபெற்று வந்த இச்செயற்பாடு, 2009 முதல் 2015 வரையான ஆண்டுகளில் பெரும் மாற்றத்துக்கு உள்ளானது. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் தமது மதிப்பீட்டு முறைகளைத் திருத்தி எழுதின. 2015 இற்குப் பின்னர் அவற்றுள் பல மாநிலங்கள் அத்திருத்தங்களில் சிலவற்றைக் கைவிட்டன.

ஆசிரியர் மதிப்பீட்டுக்கு இரு நோக்கங்கள் உண்டு. பணி நிரந்தரம், ஊதியம், பணிநீக்கம் ஆகியவற்றைப் பற்றி முடிவெடுப்பது ஒன்று. ஆசிரியர் தம் கற்பித்தலைத் திருத்திக்கொள்ள உதவுவது மற்றொன்று. இவ்விரு வேலைகளையும் ஒரே படிவத்தைக் கொண்டு, ஒரே ஆளின் வழியாகச் செய்ய முயன்றதே பிற்காலச் சிக்கல்களுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எனலாம்.

பின்புலம்

அமெரிக்க அரசுப் பள்ளிகளை நடத்துபவை உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்கள் ஆகும். இவை அந்தந்த மாநிலத்தின் சட்டங்களுக்கு உட்பட்டவை. நடுவண் அரசுக்குப் பள்ளிகள் மீது நேரடி அதிகாரம் குறைவு. அது நிதியின் வழியாகவே செல்வாக்குச் செலுத்துகிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் பணி நிரந்தரம் பெறுவார். அதன் பின் அவரை நீக்க முறையான விசாரணை தேவை. மதிப்பீட்டு விதிகள் பல இடங்களில் மாவட்டத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகும்.

பழைய முறையில் பள்ளி முதல்வர் ஆண்டுக்கு ஓரிரு முறை, பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து ஒரு பாடவேளையைப் பார்ப்பார். கையில் உள்ள படிவத்தில் "வகுப்பறை ஒழுங்காக உள்ளது", "பாடத்திட்டக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது" போன்ற வரிகளுக்கு எதிரே குறியிடுவார். இறுதியில் "நிறைவு" அல்லது "நிறைவின்மை" என இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வார். பணி நிரந்தரம் பெற்ற ஆசிரியர்கள் சில மாவட்டங்களில் பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே மதிப்பிடப்பட்டனர்.

புதிய ஆசிரியர் திட்டம் என்னும் அமைப்பு 2009 இல் வெளியிட்ட ஓர் அறிக்கை இம்முறையின் நிலையைப் பரவலாக அறியச் செய்தது. நான்கு மாநிலங்களைச் சேர்ந்த 12 பள்ளி மாவட்டங்கள் ஆராயப்பட்டன. சுமார் 15,000 ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இரண்டே தரங்கள் கொண்ட மாவட்டங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் "நிறைவு" எனத் தரமிடப்பட்டிருந்தனர். பல தரங்கள் கொண்ட மாவட்டங்களிலும் 94 விழுக்காட்டினர் மேலிரு தரங்களுள் ஒன்றைப் பெற்றிருந்தனர். ஆசிரியர்களை ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்தக்கூடிய உதிரிப்பாகங்களாகப் பள்ளிகள் கருதுகின்றன என்னும் பொருள்பட அவ்வறிக்கைக்கு "விட்ஜெட் விளைவு" எனப் பெயரிடப்பட்டது.

அவ்வறிக்கையின் மற்றொரு முடிவு குறைவாகவே பேசப்பட்டது. தம்முடைய அண்மைய மதிப்பீட்டில் திருத்திக்கொள்ள வேண்டியதாக ஒன்றுகூடச் சுட்டப்படவில்லை என்று நான்கில் மூன்று பங்கிற்குச் சற்றுக் குறைவான ஆசிரியர்கள் தெரிவித்திருந்தனர். பணிநீக்கம் என்பது மிகச் சிலரைத் தொடும் செய்தி. எவரிடமிருந்தும் தம் வேலையைப் பற்றி ஒரு பயனுள்ள சொல்லைக்கூடக் கேட்காமல் ஆண்டுகளைக் கழிப்பது பெரும்பாலோரின் நிலையாக இருந்தது. ஆயினும் நாளிதழ்களும் அரசியலாளரும் முதல் எண்ணையே எடுத்துக்கொண்டனர்.

டேனியல்சன் சட்டகம்

புதிய முறைகளில் பெரும்பாலானவை மதிப்பீட்டுச் சட்டகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுள் மிகப் பரவலாக அறியப்படுவது சார்லட் டேனியல்சன் என்பவர் 1996 இல் நூலாக வெளியிட்ட "கற்பித்தலுக்கான சட்டகம்" ஆகும். இது கற்பித்தல் பணியை நான்கு களங்களாகவும் 22 கூறுகளாகவும் பிரிக்கிறது. திட்டமிடலும் ஆயத்தமும், வகுப்பறைச் சூழல், கற்பித்தல், தொழில்சார் பொறுப்புகள் என்பன அந்நான்கு களங்கள். இவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டுமே வகுப்பில் அமர்ந்து நேரில் காண இயலும்.

ஒவ்வொரு கூறுக்கும் நான்கு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் வகுப்பு எவ்வாறு தோன்றும் என்பது எழுத்தில் விவரிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, வினா எழுப்புதல் என்னும் கூற்றைக் கொள்ளலாம். ஒரே சொல்லில் விடை கூறத்தக்க வினாக்களை ஆசிரியர் அடுக்கடுக்காகக் கேட்டு, கை தூக்கும் இரண்டு மூன்று மாணவர்களே விடை கூறினால் அது கீழ்நிலை. சிந்தித்து விடை கூற வேண்டிய வினாவைக் கேட்டு, சற்றுக் காத்திருந்து, ஒருவரின் விடையை மற்றவர் தொடருமாறு செய்தால் அது மேல்நிலை. மாணவர்களே வினாக்களை எழுப்பி ஒருவரோடொருவர் வாதிடுவது நான்காம் நிலை.

இங்கு முக்கியமானது அவதானிப்பவர் குறிப்பெடுக்கும் முறை ஆகும். "நல்ல வகுப்பு", "மாணவர்கள் ஆர்வமாக இருந்தனர்" என்பன கருத்துகள். "10 மணி 12 மணித்துளிக்கு ஆசிரியர் கேட்ட வினாவுக்கு மூன்று பேர் கை தூக்கினர், சன்னலோர வரிசையில் நால்வர் ஏட்டைத் திறக்கவில்லை" என்பது சான்று. முதலில் சான்றுகளை எழுதிக்கொண்டு, வகுப்பு முடிந்த பின்னரே அவற்றைச் சட்டகத்தோடு ஒப்பிட்டுப் புள்ளியிட வேண்டும் எனப் பயிற்சிகளில் வற்புறுத்தப்படுகிறது. பாடத்துக்கு முன் ஓர் உரையாடலும் பின் ஓர் உரையாடலும் நிகழும். சான்று கையில் இருக்கும்போது உரையாடல் ஆசிரியரின் குணத்தைப் பற்றியதாக அமையாமல் அந்தப் பாடவேளையைப் பற்றியதாக அமைகிறது.

இச்சட்டகம் பணிநீக்கத்துக்கான கருவியாக எழுதப்பட்டதன்று. தொழில்சார் உரையாடலுக்கான பொதுமொழியாகவே முன்வைக்கப்பட்டது. பின்னர் பல மாநிலங்கள் இதனைப் புள்ளியிடும் கருவியாக ஏற்றுக்கொண்டன. 2016 இல் டேனியல்சன் தாமே இப்போக்கைக் கண்டித்து எழுதினார். மிகச் சிலரை இனங்காண்பதற்காக எல்லா ஆசிரியர்களையும் எண்களாகச் சுருக்கும் முறைகள் பெரும்பாலோரின் வளர்ச்சிக்கு உதவவில்லை என்பது அவரது வாதத்தின் சாரம்.

டொலீடோ திட்டம்

ஆசிரியரை மற்றொரு ஆசிரியரே மதிப்பிடலாம் என்னும் கருத்து ஒகையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் 1981 இல் நடைமுறைக்கு வந்தது. அந்நகர ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்த டால் லாரன்ஸ் இதன் முன்னோடி ஆவார். சங்கமே இதனை முன்மொழிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்திட்டத்தின்படி திறன் மிக்க ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்குத் தம் வகுப்புகளிலிருந்து முற்றிலும் விடுவிக்கப்பட்டு ஆலோசக ஆசிரியர்களாக நியமிக்கப்படுவர். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஆண்டு முழுவதும் உதவுவதும் ஆண்டிறுதியில் அவர்களைப் பற்றி அறிக்கை அளிப்பதும் இவர்களது வேலை. தடுமாறும் பழைய ஆசிரியர்களும் இவர்களிடம் அனுப்பப்படுவர். பணி தொடர்வதா என்பதைச் சங்கமும் நிருவாகமும் இணைந்த குழு ஒன்று முடிவு செய்யும்.

சங்கம் தன் உறுப்பினருக்கு எதிராகவே தீர்ப்பளிக்க உடன்படுமா என்ற ஐயம் அப்போது பலருக்கு இருந்தது. ஆனால் இத்திட்டம் பின்பற்றப்பட்ட இடங்களில் சக ஆசிரியர்கள் பள்ளி முதல்வர்களைவிடக் கண்டிப்பாகவே இருந்தனர் என ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உதவியும் தீர்ப்பும் ஒரே கையில் இருக்கலாகாது என்ற பொதுவான கருத்துக்கு இது ஒரு விதிவிலக்கு. ஆலோசகர் ஆண்டு முழுவதும் உடனிருந்து உதவியிருப்பதால் அவரது தீர்ப்பைப் பாதிக்கப்பட்டவரும் எளிதில் புறந்தள்ள இயலவில்லை.

சின்சினாட்டி ஆய்வு

டொலீடோ முறையை 1985 இல் பின்பற்றத் தொடங்கிய நகரங்களுள் ஒன்று அதே மாநிலத்தின் சின்சினாட்டி ஆகும். இந்நகரம் 2000 ஆம் ஆண்டில் டேனியல்சன் சட்டகத்தைத் தழுவிய ஒரு மதிப்பீட்டு முறையைத் தொடங்கியது. அவதானிப்பு உண்மையில் கற்பித்தலை மேம்படுத்துகிறதா என்ற வினாவுக்குக் கிடைத்த தெளிவான விடைகளுள் ஒன்று இந்நகரிலிருந்தே வந்தது.

மதிப்பீட்டுக்குரிய ஆண்டில் ஒவ்வொரு ஆசிரியரும் நான்கு முறை அவதானிக்கப்பட்டார். மூன்று முறை வேறு பள்ளியிலிருந்து வரும் பயிற்சி பெற்ற சக ஆசிரியர் வருவார். ஒரு முறை பள்ளி நிருவாகி வருவார். முதல் வருகை மட்டும் அறிவிக்கப்படும். ஒவ்வொரு வருகைக்குப் பின்னும் எழுத்தில் பின்னூட்டம் தரப்படும். பணி நிரந்தரம் பெற்றோருக்கு இது ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும்.

எரிக் டெய்லர், ஜான் டைலர் ஆகிய இருவரும் இம்முறைக்கு உட்பட்ட நடுத்தரப் பணி அனுபவம் கொண்ட ஆசிரியர்களை ஆராய்ந்து 2012 இல் முடிவுகளை வெளியிட்டனர். இவர்களுக்கு மதிப்பீடு வரும் ஆண்டு, பணியில் சேர்ந்த ஆண்டைக் கொண்டு முன்னரே அட்டவணையிடப்பட்டிருந்தது. எனவே யார் எப்போது மதிப்பிடப்படுவார் என்பதை ஆசிரியரோ முதல்வரோ தெரிவு செய்ய இயலவில்லை. இதனால் ஒரே ஆசிரியரின் மாணவர்களை மதிப்பீட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. கணிதத்தில் சராசரி மாணவர் ஒருவர், மதிப்பீட்டுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதே ஆசிரியரிடம் பயின்றால், நூறு பேர் கொண்ட வரிசையில் சுமார் 4.5 இடங்கள் முன்னேறியிருப்பார் எனக் கணக்கிடப்பட்டது. வாசிப்பில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

இம்முன்னேற்றம் மதிப்பீடு நடந்த ஆண்டைவிட அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கூடுதலாக இருந்தது. யாரோ பார்க்கிறார் என்ற அச்சத்தால் மட்டும் ஆசிரியர் நன்றாகக் கற்பித்திருந்தால், பார்ப்பவர் போனவுடன் பழைய நிலை திரும்பியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழாததால் ஆசிரியர்கள் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுள்ளனர் என ஆய்வாளர்கள் கருதினர். தொடக்கத்தில் குறைந்த புள்ளி பெற்றவர்களிடம் முன்னேற்றம் அதிகமாக இருந்தது.

இம்முறை மலிவானதன்று. மதிப்பிடப்படும் ஆசிரியர் ஒருவருக்குச் சுமார் 7,500 டாலர் செலவாயிற்று. திறன் மிக்க ஆசிரியர்களை வகுப்பறையிலிருந்து வெளியே எடுப்பதால் அவர்களது மாணவர்களுக்கு ஏற்படும் இழப்பு இக்கணக்கில் சேரவில்லை.

நடுவண் அரசின் தலையீடு

பொருளாதார வீழ்ச்சியைச் சமாளிக்க 2009 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் ஒபாமா அரசு "உச்சியை நோக்கிய ஓட்டம்" என்னும் போட்டியை அறிவித்தது. பரிசுத்தொகை 4.35 பில்லியன் டாலர். மாநிலங்கள் அளித்த திட்டங்கள் 500 புள்ளிகளுக்கு மதிப்பிடப்பட்டன. அவற்றுள் 138 புள்ளிகள் ஆசிரியர், பள்ளித் தலைவர் தொடர்பான சீர்திருத்தங்களுக்கு ஒதுக்கப்பட்டன. மாணவர் வளர்ச்சியை ஆசிரியர் மதிப்பீட்டில் கணிசமான பங்காகச் சேர்ப்பது அவற்றுள் முக்கியமானது. நிதி நெருக்கடியில் இருந்த மாநிலங்கள் பரிசு பெறும் முன்னரே சட்டங்களைத் திருத்தின. 2010 மார்ச்சில் டெலவேர், டென்னசி ஆகியவை முதல் சுற்றில் வென்றன. பின்னர் 2002 ஆம் ஆண்டின் "எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது" சட்டத்தின் கடுமையான விதிகளிலிருந்து விலக்குக் கோரிய மாநிலங்களுக்கும் இதே நிபந்தனை விதிக்கப்பட்டது. மாணவர் தேர்ச்சியைச் சான்றாகச் சேர்க்க வேண்டும் என விதித்த மாநிலங்கள் 2009 இல் 15 ஆக இருந்து 2015 இல் 43 ஆக உயர்ந்தன.

மாணவர் தேர்ச்சியைக் கணக்கிடப் பயன்பட்டது கூட்டு மதிப்பு முறை ஆகும். ஒரு மாணவரின் முந்தைய மதிப்பெண்களைக் கொண்டு இவ்வாண்டு அவர் எவ்வளவு பெறுவார் எனப் புள்ளியியல் மாதிரி ஒன்று முன்கணிக்கும். உண்மையில் பெற்றதற்கும் முன்கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டின் வகுப்புச் சராசரி ஆசிரியரின் கணக்கில் சேர்க்கப்படும். பெருந்தொகை ஆசிரியர்களை ஒன்றாக ஆராயும்போது இது பொருளுள்ள தகவலைத் தருகிறது. ஓர் ஆசிரியரின் ஓராண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், இருபத்தைந்து மாணவர்களின் ஒரு நாள் தேர்வை நம்பியுள்ள அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஊசலாடும். அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014 இல் வெளியிட்ட அறிக்கையில், மாணவர் மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரைச் சார்ந்த பங்கு 1 முதல் 14 விழுக்காடு வரை எனப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாகக் குறிப்பிட்டு, இம்முறையைக் கவனமாகக் கையாளுமாறு எச்சரித்தது.

மாநில அளவிலான தேர்வுகள் பெரும்பாலும் கணிதத்துக்கும் வாசிப்புக்கும், அதுவும் குறிப்பிட்ட வகுப்புகளுக்கு மட்டுமே இருந்தன. இதனால் இசை, ஓவியம், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் முதல் வகுப்பு ஆசிரியருக்கும் சொந்தக் கணக்கு இல்லை. சில மாநிலங்கள் இவர்களுக்குப் பள்ளியின் பொதுச் சராசரியைச் சேர்த்தன. தாம் ஒருநாளும் கற்பித்திராத மாணவர்களின் மதிப்பெண்ணால் தாம் தரமிடப்படுவதாக புளோரிடா ஆசிரியர்கள் வழக்குத் தொடுத்தனர். 2014 இல் நீதிபதி இம்முறையின் நேர்மையின்மையை ஒப்புக்கொண்டார்; ஆனால் நேர்மையற்றது என்பதாலேயே ஒன்று அரசியலமைப்புக்கு முரணாகிவிடாது எனத் தீர்ப்பளித்தார். ஹியூஸ்டன் நகரில் கணக்கிடும் மென்பொருள் ஒரு தனியார் நிறுவனத்தின் வணிக இரகசியமாக இருந்தது. தம்முடைய எண் சரியா எனச் சரிபார்க்க ஆசிரியருக்கு வழியே இல்லை என்பதால் வழக்கைத் தொடர்ந்து நடத்த 2017 இல் நடுவண் நீதிமன்றம் இடமளித்தது. அவ்வாண்டே மாவட்டம் சமரசத்துக்கு வந்தது. 2012 செப்டம்பரில் சிகாகோ ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் காரணங்களுள்ளும் மதிப்பீட்டு முறை ஒன்றாகும்.

வாஷிங்டன் நகர முறை

தலைநகர் வாஷிங்டனில் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்த மிஷேல் ரீ 2009 இல் "இம்பாக்ட்" என்னும் முறையை அறிமுகப்படுத்தினார். ஆண்டுக்கு ஐந்து அவதானிப்புகள் நடைபெற்றன. அவற்றுள் மூன்றைப் பள்ளி நிருவாகியும், இரண்டைப் பள்ளிக்கு வெளியிலிருந்து வரும் பாட வல்லுநரும் செய்தனர். தேர்வு உள்ள வகுப்புகளில் கற்பித்தவர்களுக்கு மொத்த மதிப்பீட்டில் பாதி கூட்டு மதிப்பிலிருந்து வந்தது. இது 2012 இல் 35 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மிகத் திறன் வாய்ந்தோருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரை ஊக்கத்தொகை கிடைத்தது. மிகக் கீழ்நிலையில் இருந்தோர் உடனடியாகவும், அதற்கு மேல்நிலையில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இருந்தோர் அதன் பின்னரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 2010 சூலையில் 241 ஆசிரியர்கள் நீக்கப்பட்டனர். அவர்களுள் 165 பேர் மதிப்பீட்டின் அடிப்படையில் நீக்கப்பட்டவர்கள்.

தாமஸ் டீ, ஜேம்ஸ் வைக்காஃப் ஆகியோரின் ஆய்வு, பணிநீக்க எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றவர்களையும் சற்று மேலே நின்றவர்களையும் ஒப்பிட்டது. எல்லைக்குக் கீழே நின்றவர்களுள் தாமாகவே விலகியோர் அதிகம். விலகாமல் தொடர்ந்தவர்களின் புள்ளிகள் உயர்ந்தன. அச்சமும் ஊக்கத்தொகையும் வேலை செய்யும் என்பதற்கு இம்முறையின் ஆதரவாளர்கள் இவ்வாய்வைச் சான்றாகக் காட்டுகின்றனர். அதே நேரத்தில் 2013 இறுதியில், கணக்கீட்டில் நேர்ந்த ஒரு பிழையால் 44 ஆசிரியர்களின் தரம் தவறாக அறிவிக்கப்பட்டது தெரியவந்தது. ஒரு கணிப்பொறி நிரலில் நேரும் சிறு தவறு ஒருவரின் வேலையைப் பறிக்கக்கூடும் என்னும்போது, அந்த நிரலை யார் சரிபார்ப்பது என்ற வினா எழுகிறது. அவதானிப்பில் தவறு நேர்ந்தால் எதிரே அமர்ந்து வாதிட ஓர் ஆளாவது உண்டு.

எத்தனை கண்கள் வேண்டும்

கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியில் 2009 முதல் 2012 வரை நடைபெற்ற "விளைதிறன் மிக்க கற்பித்தலின் அளவீடுகள்" என்னும் ஆய்வு இத்துறையில் மிகப் பெரியது. தாமஸ் கேன் தலைமையில் ஆறு பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 3,000 ஆசிரியர்கள் தாமாக முன்வந்து இதில் பங்கேற்றனர். அவர்களது பாடவேளைகள் நிகழ்படமாகப் பதிவு செய்யப்பட்டு, பயிற்சி பெற்றவர்களால் ஐந்து வெவ்வேறு சட்டகங்களைக் கொண்டு புள்ளியிடப்பட்டன. மாணவர்களிடமும் வினாத்தாள் வழியாகக் கருத்துக் கேட்கப்பட்டது. ஒழுங்கைப் பேணுதலில் பெரும்பாலான ஆசிரியர்கள் நல்ல புள்ளி பெற்றனர். வினா எழுப்புதலிலும் கலந்துரையாடலிலும் புள்ளிகள் தாழ்ந்தே இருந்தன. பழைய படிவங்கள் முதன்மையாக ஒழுங்கையே சரிபார்த்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

ஒரு பாடவேளையை ஒருவர் பார்த்து இடும் புள்ளி எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதும் ஆராயப்பட்டது. விடை ஊக்கமளிப்பதாக இல்லை. அப்புள்ளிகளிடையே காணப்படும் வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, அந்த ஆசிரியரின் நிலையான திறனைச் சாராமல், அன்றைய பாடம், அந்த வகுப்பு, பார்த்தவரின் கண்டிப்பு அல்லது தாராளம் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. பழைய முறை முழுவதும் இத்தகைய ஒற்றை வருகையின் மீதே கட்டப்பட்டிருந்தது.

ஆண்ட்ரூ ஹோ, கேன் ஆகியோர் புளோரிடாவின் ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் நடத்திய துணை ஆய்வு 2013 இல் வெளிவந்தது. 67 ஆசிரியர்களின் நிகழ்படங்களை 129 முதல்வர்களும் சக ஆசிரியர்களும் பார்த்துப் புள்ளியிட்டனர். ஒருவரே இரண்டு பாடங்களைப் பார்ப்பதைவிட இருவர் ஆளுக்கு ஒரு பாடத்தைப் பார்த்தால் நம்பகத்தன்மை கூடுதலாக உயர்ந்தது. முழுப் பாடவேளையையும் பார்க்காமல் முதல் 15 மணித்துளிகளை மட்டும் பலர் பார்ப்பதும் பயன் தந்தது. முதல்வர்கள் தம் பள்ளி ஆசிரியர்களுக்கு வெளியாரைவிடச் சற்றுக் கூடுதலாகப் புள்ளியிட்டனர். எனினும் தரவரிசை பெரிதும் மாறவில்லை.

ஆசிரியர்கள் தாமே சிறந்ததெனக் கருதிய பாடத்தைத் தெரிவு செய்தால் என்னவாகும் என்பதும் இவ்வாய்வில் பார்க்கப்பட்டது. எல்லோருடைய புள்ளிகளும் உயர்ந்தன. ஆனால் திறன் குறைந்தவர் திறன் மிக்கவரைத் தாண்டிவிடவில்லை. திடீர் வருகை இன்றி உண்மை வெளிப்படாது என்ற நெடுநாள் நம்பிக்கையை இது ஓரளவு அசைத்தது.

இதனைத் தொடர்ந்து ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரடி வருகைக்குப் பதிலாக ஆசிரியரே பதிவு செய்து அனுப்பும் நிகழ்படத்தைப் பயன்படுத்திப் பார்த்தனர். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரு குழுக்கள் ஒப்பிடப்பட்டு 2015 இல் முடிவுகள் வெளியாயின. நிகழ்படக் குழுவினர் தம் கற்பித்தலைத் தாமே கூடுதல் கண்டிப்புடன் மதிப்பிட்டனர். முதல்வர்களும் அவதானிக்கும் வேலையைப் பள்ளி ஓய்ந்திருக்கும் வேளைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. தம் குரலையும் தம் முதுகுக்குப் பின்னால் நடப்பதையும் முதன்முறையாகப் பார்க்கும் ஆசிரியருக்கு வேறொருவர் சொல்ல வேண்டியது குறைவே.

தரங்கள் மாறாதது ஏன்

புதிய சட்டகம், கூடுதல் வருகைகள், நான்கு அல்லது ஐந்து தரங்கள் என எல்லாம் மாறிய பின்னும் இறுதி எண்கள் பெரிதாக மாறவில்லை. மேத்யூ கிராஃப்ட், ஆலிசன் கில்மோர் ஆகியோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீர்திருத்தம் செய்த 24 மாநிலங்களுள் பெரும்பாலானவற்றில் தகுதி நிலைக்குக் கீழே தரமிடப்பட்டவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு பெரிய நகர மாவட்டத்தில் முதல்வர்களிடம் கேட்டபோது, தாம் உண்மையில் குறைபாடுடையோர் எனக் கருதும் ஆசிரியர்களின் எண்ணிக்கை, தாம் அவ்வாறு தரமிட்டவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்பது தெரியவந்தது. அதாவது முதல்வர்களுக்குக் குறை தெரியாமல் இல்லை, எழுதத்தான் இல்லை.

அவர்கள் கூறிய காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. குறைந்த தரமிட்டால் அதன்பின் எழுத வேண்டிய ஆவணங்களும் நடத்த வேண்டிய கூட்டங்களும் மிகுதி. புதிய ஆசிரியரைத் தொடக்கத்திலேயே தாழ்த்தினால் அவர் மனம் உடைந்து திருந்தும் வாய்ப்பும் போய்விடும் எனச் சிலர் அஞ்சினர். நீக்கினால் அவரினும் சிறந்தவர் கிடைப்பார் என்ற உறுதி இல்லை. மறுநாளும் அதே ஆசிரியரோடு ஒரே கட்டடத்தில் பணியாற்ற வேண்டும் என்பதும் உண்டு.

நேரம் தனிச் சிக்கல். டென்னசி மாநிலம் 2011-12 கல்வியாண்டில் தொழில்முறை உரிமம் பெற்றவர்களுக்கு நான்கும் மற்றவர்களுக்கு ஆறும் என அவதானிப்புகளை விதித்தது. நாற்பது ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் இது ஆண்டுக்கு 160 வருகைகளுக்குக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உரையாடலும் எழுத்து வேலையும் உண்டு. முதல்வர்களின் எதிர்ப்பால் விதிகள் பின்னர் தளர்த்தப்பட்டன. பயிற்சியும் இதே போன்றது. சிகாகோவில் 2008-09 இல் தொடங்கிய ஒரு முன்னோட்டத் திட்டத்தில், முதல்வர்களுக்கு விரிவான பயிற்சி அளிக்கப்பட்ட முதல் ஆண்டுப் பள்ளிகளில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. பயிற்சி குறைக்கப்பட்ட அடுத்த ஆண்டுப் பள்ளிகளில் அத்தகைய பயன் கிடைக்கவில்லை.

அவதானிப்பும் சார்பற்றதன்று. ஏற்கெனவே நன்கு படிக்கும் மாணவர்கள் நிறைந்த வகுப்பில் கற்பிப்பவருக்கு உயர்ந்த புள்ளி கிடைப்பதை 2014 இல் புரூக்கிங்ஸ் நிறுவன ஆய்வு காட்டியது. கூட்டு மதிப்பு முறை மாணவரின் முந்தைய நிலையைக் கணக்கில் கொள்கிறது. அவதானிப்புப் புள்ளிக்கு அத்தகைய திருத்தம் செய்யப்படவில்லை. பின்தங்கிய மாணவர்களுக்குக் கற்பிக்க முன்வருபவரே இதனால் தண்டிக்கப்படுகிறார்.

2015 இற்குப் பின்

2015 திசம்பரில் கையொப்பமான "ஒவ்வொரு மாணவரும் வெல்லும்" சட்டம், ஆசிரியர் மதிப்பீட்டு முறையை நடுவண் அரசு வற்புறுத்துவதைத் தடை செய்தது. மாணவர் தேர்ச்சிச் சான்றைக் கட்டாயமாக்கிய மாநிலங்கள் 2019 இல் 34 ஆகக் குறைந்தன. கேட்ஸ் அறக்கட்டளை மூன்று மாவட்டங்களிலும் நான்கு தனியமைப்புகளின் பள்ளிகளிலும் தொடங்கிவைத்த, மொத்தம் 575 மில்லியன் டாலர் செலவான ஒரு திட்டத்தை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. மாணவர் முன்னேற்றத்தில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என 2018 இல் அது அறிவித்தது. மாநிலங்களின் சீர்திருத்தங்கள் அனைத்தையும் ஒருங்கே ஆராய்ந்து 2021 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் நாடளாவிய சராசரி விளைவு ஏறத்தாழச் சுழியம் என்றே கண்டது. சின்சினாட்டியில் பயன் தந்த ஒன்று நாடளாவிய அளவில் பயன் தராததற்கு, சட்டகத்தை மட்டும் நகலெடுத்து, வெளிப்பள்ளியிலிருந்து வந்த பயிற்சி பெற்ற சக ஆசிரியரை விட்டுவிட்டதே ஒரு காரணமாகலாம்.

மதிப்பீட்டுப் புள்ளிகளை வேறு வகையில் பயன்படுத்திய ஒரு சோதனையும் உண்டு. டென்னசி மாநிலத்தின் சில பள்ளிகளில், ஒரு குறிப்பிட்ட திறனில் குறைந்த புள்ளி பெற்ற ஆசிரியரும் அதே திறனில் உயர்ந்த புள்ளி பெற்ற அதே பள்ளி ஆசிரியரும் இணையாக்கப்பட்டனர். வினா எழுப்புதலில் தடுமாறுபவருக்கு அதில் வல்லவர் துணை. மாணவர் ஒழுங்கில் தடுமாறுபவருக்கு அதில் வல்லவர் துணை. ஒருவர் வகுப்பை மற்றவர் சென்று பார்த்து, தமக்குள் பேசிக்கொள்ளுமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். புதிதாகப் புள்ளியிடலோ ஊக்கத்தொகையோ தண்டனையோ இதில் இல்லை. எந்தப் பள்ளிகளில் இது நடைபெறும் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஜான் பாப்பே, டெய்லர், டைலர், மேரி லாஸ்கி ஆகியோர் 2020 இல் வெளியிட்ட முடிவின்படி, இப்பள்ளிகளின் மாணவர் மதிப்பெண்கள் உயர்ந்தன. குறைந்த புள்ளி பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் இவ்வுயர்வு மிகுதியாக இருந்தது. அடுத்த ஆண்டும் அது மறையவில்லை.